யமவாகனம்

துரு பிடித்திருந்தது. லாசால் நகர் வீட்டின் கீழ்த்தளத்தில் யோகேந்திரன் லூஜ் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். மல்லாந்து படுத்துப் பனிப்பாதையில் சறுக்கிப் போகிற வண்டி அது. அடியில் இரண்டே இரண்டு உருக்குத் தகடுகள். பிரேக் என்ற பேச்சே கிடையாது.

"துரு பிடிக்காமல் வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ அப்பா" என்று சொல்லித்தான் மகள் ஆர்த்திகா தான் பழகும் லூஜ் கிளப்பிலிருந்து கொண்டுவந்து வைத்தாள். வடிவாகத்தான் பார்த்தார். புது வண்டியாயிற்றே என்று கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனை செய்து, தகடுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழமும் நசுக்கினார். சாற்றைத் துடைக்க மறந்துபோனார்.

கிளப்பின் பிரெஞ்சுக் கடிதத்தில், பிள்ளையை ஓடவிட அனுமதிதானே என்று, வழக்கம்போல வாசிக்காமலே கையெழுத்து வைத்த நாளிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. நாளை ஓட்டம். வண்டியோடு வந்த தலைக்கவசமோ மகளின் தலைக்குப் பெரிது. அளவுகூடப் பார்க்காத ஆட்களை நம்பிப் பிள்ளையை விடுகிறோமே என்று புலம்பினார்.

கதவு தேய்த்து மிஞ்சிய முரட்டுச் சாண்ட்பேப்பரை எடுத்துத் தேய்த்தார். துரு போய்க் கீறல் வந்தது. கீறல் பட்ட பக்கம் இழுத்து வண்டி கவிழ்ந்தால்? லவாலில் கார் திருத்தும் அன்டனுக்குப் போன் எடுத்தார்.

"நைசான பேப்பரால ஒரே பக்கமாத் தேயுங்கோ அண்ணை. பேந்து அதைவிட நைசு. கடைசியாப் பொலிஷ். முகம் தெரியோணும்."

நாலு மணித்தியாலம் தேய்த்தார். முகம் தெரிந்தது; பயந்த முகம். தரையில் வைத்து ஒற்றை விரலால் தொட்டதுதான் தாமதம், வண்டி அறையைக் கடந்து போய் உடுப்புத் தோய்க்கும் மெஷினை நெளித்துவிட்டு நின்றது.

யோகேந்திரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தன் கையாலேயே பிள்ளைக்கு யமவாகனம் செய்து வைத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு மனைவி மனோகரி இறங்கி வந்தாள். எலுமிச்சம்பழத்திலிருந்து எல்லாவற்றையும் ஒப்புவித்தார். "என்ர பிள்ளையை இதில ஏறவிடமாட்டன்" என்று கண் கலங்கினார்.

மனோகரி கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவள், பிரெஞ்சு தெரிந்தவள். மேலே போய்க் கடிதத்தைக் கொண்டுவந்து நிதானமாக வாசித்தாள். பிறகு தலைக்கவசத்தை எடுத்து அவர் தலையில் மாட்டினாள். அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது.

"ஏறப்போறது பிள்ளை இல்லையப்பா. நாளைக்குத் தகப்பன்மாருக்குத்தான் ஓட்டம். ஓம் எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறது நீங்கள்."