எலிக்குப் போட வேண்டிய ஊசி

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இன்று சொல்ல வெட்கமில்லை. எண்பதுகளில் திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் அதை மறைக்கப் பார்த்தேன்.

புற்றுக்கட்டி வளர்வதற்காகத் தன்னைச் சுற்றிப் புது ரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொள்ளும். மூட்டுவீக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரை அவற்றைத் தடுக்குமா என்று எலிகளில் பார்ப்பது எங்கள் வேலை. சில எலிகளுக்குக் கட்டியின் செல்களை ஊசியில் ஏற்றுவோம். ஒப்பிட்டுப் பார்க்கச் சில எலிகளுக்கு வெறும் உப்புநீர்.

ஒருநாள் எலி துள்ள, ஊசி என் ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. (எலி பிழைத்தது. நான் மாட்டினேன்.)

ஆராய்ச்சிக்கூடத்தை நடத்திய மேடத்திடம் சொன்னால் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. அதே ஊரில் ஆரியசாலையில் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன்; அத்தானுக்கு அங்கே வத்தல், மல்லி மொத்த வியாபாரம். வீட்டுக்குப் போய் விரலை அமுக்கிப் பார்த்தேன். திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தேன். மறுநாள் வீக்கம், சுற்றிலும் சிவப்புக் கோடுகள். அது என்னவென்று எனக்குத் தெரியாதா? கட்டி கூப்பிட்டாயிற்று, ரத்தக்குழாய்களும் வந்தாயிற்று! சாகப்போகிறேன் என்று நிஜமாகவே நம்பினேன். பஸ்ஸில் யாராவது சிரித்தால்கூட எனக்கு அழுகை வந்தது.

அத்தானுக்கு மூட்டுவலி. அலமாரியில் அதே மாத்திரை இருந்தது. யாருக்கும் தெரியாமல் வேளை தவறாமல் விழுங்கினேன். என் விரல் வீக்கம் வற்றவில்லை. மாத்திரை கிடைக்காத அத்தானின் முழங்கால் வீங்கியது. சில நாளில் என் வயிறு எரிய ஆரம்பித்தது. கட்டி வயிற்றுக்கு இறங்கிவிட்டது என்று முடிவு கட்டி, கைக்கடிகாரத்தைக் கழற்றி அத்தானிடம் நீட்டினேன்.

“நீங்க வச்சுக்கிடுங்க அத்தான். எனக்கு இனிமே நேரம் பாக்க வேண்டாம்.”

“என்னடே ஆச்சு ஒனக்கு?” என்று அக்கா பிடித்து உலுக்கியதில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதுகொண்டே என்னை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் மேடத்தின் முன்னால் நிறுத்தினாள்.

மேடம் நிதானமாகக் கேட்டார்: “சிரிஞ்சில் உள்ளது கலங்கியதோ, தெளிஞ்சதோ?”

“தெளிஞ்சது மேடம்.” சொல்லும்போதே எனக்கு உறைத்தது. செல்கள் கலந்த ஊசி கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கலாக இருக்கும்.

“அப்போ அது உப்புவெள்ளமல்லே!” (வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர்.)

எலியின் கட்டி மனுஷ உடம்பில் அவ்வளவு லேசில் வளராதாம். வயிற்றெரிச்சல் மாத்திரையின் வேலையாம். அதை உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

“பின்னே இது ஏன் மேடம் வீங்கிச்சு?”

அக்கா முந்திக்கொண்டாள். “ராப்பகலா அமுக்கி அமுக்கிப் பாத்தா வீங்காம என்ன செய்யும்?”

அன்றிலிருந்து எனக்குத் தலைவலி வந்தாலும் வீட்டில் அதற்குப் பெயர் உப்புவெள்ளம்தான். கடிகாரத்தைத் திருப்பிக் கேட்டபோது அத்தான் மறுத்துவிட்டார். “செத்தவன் குடுத்ததைத் திருப்பிக் குடுக்கப்பிடாதுடே.”

போன வருஷம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். இந்தத் தடவை பயத்துக்குக் காரணம் இருந்தது. எண்பதை நெருங்கும் அத்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். கையில் அதே கடிகாரம். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“டே, இந்தத் தடவை எனக்கு என்ன தாறே?”