கார் லீஸில் ஜெயிப்பவர்

தேர்தலில் ஜெயிப்பவர்கள் இருக்கிறார்கள், சீட்டாட்டத்தில் ஜெயிப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் தோற்றுவிட்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை கார் ஷோரூமில் மட்டும் ஜெயிக்கிற ஓர் இனமும் இருக்கிறது. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் டொலீடோ நகரில் தெருவுக்கு இரண்டு பேர் தேறுவார்கள். மாதாமாதம் பணம் கட்டி மூன்று வருடம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிற லீஸ் கார்தான் அவர்களுடைய போர்க்களம். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கையில் ஒரு கோப்பு, உடம்பில் வேண்டுமென்றே எடுத்து மாட்டிய பழைய கோட்டு, பின்னால், 'பேசாதே' என்று உத்தரவு போடப்பட்ட ஒரு மனைவி.

வெர்னன் ப்ரூஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கொதிகலன் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காரை எடுத்துக்கொண்டு அவர் போகிற தூரமெல்லாம் டோனட் கடைவரை. ஆனால் அவர் மனைவி டோரீன், படுத்த படுக்கையாய்க் கிடக்கிற முதியவர்களை வீடு வீடாகப் போய்க் கவனிப்பவள். நாளொன்றுக்கு அறுபது மைல் ஓட்டுகிறாள். வீட்டில் ஒரே கார். அது யாருக்கு வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். பேரம் பேசுவது யார் என்பதையும் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இந்த இனத்துக்கு மாதக் கடைசி நாள்தான் முகூர்த்தம். அன்றைக்குக் கடைக்காரன் கணக்கை முடிக்கத் தவிப்பானாம், அடிமாட்டு விலைக்கு இறங்குவானாம். வெர்னனும் ஜனவரி முப்பத்தொன்றைத்தான் தேர்ந்தெடுத்தார். பழைய காரின் லீஸ் முடிவதும் அன்றைக்கேதான் என்பதும், அன்று மாலைக்குள் சாவியை அதே கடையில் கொடுத்துவிட்டு நடந்து வரவேண்டும் என்பதும் அவருடைய வியூகத்தில் இடம்பெறவில்லை.

"டோரீன், முகத்த இறுக்கமா வெச்சுக்கோ. கார் புடிச்சிருக்குன்னு மட்டும் காட்டிடாத. நம்ம முகத்தத்தான் படிப்பானுங்க."

"எனக்கு எதுவும் புடிக்க வேணாம், வெர்ன். ரெண்டு மணிக்கு ஹாஸ்கெல் வீட்டுல இருக்கணும். அந்த மனுஷன் முதுகுப் புண்ணுக்குக் கட்டு மாத்தணும்."

"பாத்தியா, பாத்தியா! அவசரத்தக் காட்டுற!"

காலை பத்து மணிக்கு டெஸ்மண்ட் என்கிற விற்பனையாளர் சிரித்த முகத்தோடு ஒரு தாளை நகர்த்தினார். மாதம் முந்நூற்று எண்பத்தொன்பது டாலர், வருடத்துக்குப் பதினைந்தாயிரம் மைல்வரை ஓட்டலாம். டோரீன் பார்த்தாள். அவள் ஓட்டுகிற தூரத்துக்குச் சரியாக இருந்தது. பேனாவை எடுக்கப் பையைத் திறந்தாள். வெர்னன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார்.

பிறகு ஆரம்பித்தது சடங்கு. முதலில் மௌனம். முதலில் வாயைத் திறப்பவன் தோற்றவன் என்று எங்கோ ஒரு வீடியோவில் யாரோ சொல்லியிருக்கிறான். அதே வீடியோவை டெஸ்மண்டும் பார்த்திருக்கிறார். இரண்டு ஆண்கள், எதிரெதிரே, நாலரை நிமிடம். டோரீன் பழக்க தோஷத்தில் இருவரும் மூச்சு விடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டாள்.

"மேனேஜர்கிட்ட பேசிப் பாக்குறேன் சார். ஆனா என்னைக் கொன்னே போடுவாரு," என்று எழுந்தார் டெஸ்மண்ட்.

கண்ணாடி அறைக்குள் மேனேஜர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். டெஸ்மண்ட் உள்ளே போய்க் கையை வீசி என்னவோ சொன்னார். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். பௌலிங் ஆட்டம் பற்றியதாக இருக்கலாம், வெர்னனின் கோட்டு பற்றியதாகவும் இருக்கலாம்.

"பாரு, எப்படி சண்டை போடுறானுங்க!" என்றார் வெர்னன்.

இப்படி மூன்று தடவை. கடைசியில் இந்த இனத்தின் தலையாய வித்தை: எழுந்து வெளியே போவது. கோப்பை மூடி, "கிளம்பு டோரீன், ஊர்ல வேற கடையே இல்லையா?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு வெர்னன் வாசலுக்கு நடந்தார். வேகமாக அல்ல. வேகமாக நடந்தால் கூப்பிடுகிறவனுக்கு எட்டாதே? வாசலைத் தாண்டினார். யாரும் வரவில்லை. பனியில் நாலடி வைத்தார். யாரும் வரவில்லை. குனிந்து பூட்ஸ் லேஸைக் கட்டத் தொடங்கினார். அது ரப்பர் பூட்ஸ். அதில் லேஸே கிடையாது. இல்லாத லேஸை அவர் இரண்டு முடிச்சுப் போட்டு முடித்தபோது, கோட்டு கூடப் போடாமல் டெஸ்மண்ட் ஓடி வந்தார்.

"சார், ஜெயிச்சிட்டீங்க! முந்நூத்தி நாப்பத்தொம்பது!"

வெர்னனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உள்ளே வந்து அவர் கை குலுக்கிக்கொண்டிருக்கையில் டோரீன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதிய தாளைப் படித்தாள். பதினைந்தாயிரம் மைல் இருந்த இடத்தில் பத்தாயிரம் இருந்தது. அதற்கு மேல் போகிற ஒவ்வொரு மைலுக்கும் கால் டாலர். வருடத்துக்கு நானூற்று எண்பதை மிச்சம் பிடித்து ஆயிரத்து இருநூற்றைம்பதைக் கொட்டிக் கொடுக்கிற வெற்றி.

"வெர்ன், மைலைக் கொறச்சுட்டாங்க. எனக்கு இது பத்தாது."

"மைலா? நாம என்ன கலிஃபோர்னியாவுக்கா போறோம்?"

"நான் வேலைக்குப் போறேன்."

"ஜெயிச்சு வாங்குனதத் திருப்பிக் குடுக்கச் சொல்றியா? நாப்பது டாலர், டோரீன்! சிரிப்பானுங்க!"

ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது என்று அவள் சொல்லவில்லை. மணி ஒன்றேகால். மாத்திரை வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்கிறவர்களை முப்பது வருடமாகக் கையாண்டவள் அவள். வாதாடினால் துப்பிவிடுவார்கள். ஆப்பிள் கூழில் வைத்துக் கொடுத்தால் இன்னொரு கரண்டி கேட்பார்கள்.

"தண்ணி குடிச்சிட்டு வர்றேன்," என்று எழுந்தாள்.

தண்ணீர்க் குழாய் பக்கத்தில் டெஸ்மண்ட் நின்றிருந்தார்.

"தம்பி, காலைல குடுத்தியே, அந்தத் தாளு இன்னும் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அதுலதான் கையெழுத்து. ஆனா மொதல்ல நானூத்தி முப்பதுன்னு சொல்லு. தர முடியாதுன்னு சொல்லு. ஒரு தடவ மேனேஜர்கிட்ட போயிட்டு வா. ரப்பர் கால்மிதி ஒரு செட்டு கொண்டா. சீக்கிரம்."

டெஸ்மண்ட் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "நம்ம கடைக்கு வேலைக்கு வர்றீங்களா மேடம்?"

"உங்களவிட என் நோயாளிங்க தேவலாம்."

பத்தே நிமிடம். டெஸ்மண்ட் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார். பதினைந்தாயிரம் மைல் என்றால் நானூற்று முப்பது, மேனேஜர் ஒத்துக்கொள்ளவே மாட்டார் என்றார். வெர்னன் மேசையைத் தட்டினார். டெஸ்மண்ட் கண்ணாடி அறைக்குப் போனார், வந்தார், குரலைத் தாழ்த்தினார்.

"முந்நூத்தி எண்பத்தொம்பது. கால்மிதி ஃப்ரீ. தயவுசெஞ்சு வெளிய யாருக்கும் சொல்லிடாதீங்க சார்."

வெர்னன் ஒரு நிமிடம் மௌனம் காத்தார், சம்பிரதாயத்துக்காக. பிறகு கையெழுத்துப் போட்டார். காலையில் பார்த்த அதே தாள். மூலையில் டெஸ்மண்டின் காப்பிக்கறைகூட அப்படியே இருந்தது.

டோரீன் இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஹாஸ்கெல் வீட்டு வாசலில் புதுக் காரை நிறுத்தினாள். வெர்னன் இறங்கவில்லை. டோனட் கடை நண்பருக்குப் போன் போட்டுவிட்டார்.

"வருஷத்துக்கு ஐயாயிரம் மைல் கூடுதல்டா! அவன் வாயிலேருந்து புடுங்கினேன்! கால்மிதி வேற!"

வெர்னனைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள். சரி. நீங்கள் கடையை விட்டுக் கோபமாக வெளியேறுகிறபோது காதை மட்டும் பின்னால் விட்டுவிட்டுப் போனதே இல்லையா? போன தடவை நீங்கள் அடித்துப் பேசி ஜெயித்தீர்களே, அப்போது கடைக்காரர் திடீரென்று இறங்கி வந்தாரே, அதற்குச் சற்று முன்னால் உங்கள் வீட்டில் யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து போனார்களா?

கேட்டுப் பார்க்காதீர்கள். தாகமாக இருந்தது என்றுதான் சொல்வார்கள்.