வத்தல் காயாத ஆசிரமம்

1996-இல் காரமடைக்கு மேற்கே கோபால சித்தரின் புகழ் கொடிகட்டிப் பறந்தது. மூன்று வருடம் முன்பு காந்திபுரத்தில் கேசட் கடை வைத்து நொடித்தவர், இப்போது சூனியம் எடுத்தார். முறை எளிது. ஒரு டம்ளர் மூலிகைத் தீர்த்தம், ஒரு மணி நேரம் பஜனை. அதற்குள் வாந்தி வந்தால் சூனியம் உறுதி. காசு கட்டி நாற்பத்தெட்டு நாள் பூஜை. வராவிட்டால் திருநீறோடு ஊர் திரும்பலாம்.

இதில் ஓர் அதிசயம். காரில் வந்தவர்கள் தவறாமல் வாந்தி எடுத்தார்கள். டவுன்பஸ்ஸில் வந்தவர்களில் ஒருவர்கூட எடுக்கவில்லை. சூனியம் வைக்கிறவனும் வண்டி பார்த்துத்தான் வைப்பான் போலிருக்கிறது.

பாவாத்தாள் கீரைக்காரி. வாய்க்கால் ஓரத் துண்டு நிலத்தில் சுக்குட்டி போட்டிருந்தாள். வெளியூர்க்காரர்கள் மணத்தக்காளி என்பார்கள். கீரையைக் கடையலாம், கறுத்த பழத்தை அப்படியே தின்னலாம். பச்சைக்காயை மட்டும் வேகாமல் வாயில் வைக்கக் கூடாது. மோரில் ஊறவைத்துக் காயவைத்துப் பொரித்தால்தான் அது சாப்பாடு. ஆசிரமத்து ஆள் தினமும் நாலு படி காயும் ஒரு படி பழமும் வாங்கிப்போவான். “சாமிக்கு வத்தல்னா உசுருங்க” என்பான்.

ஒருநாள் அவன் வரவில்லை. அவளே கூடையைச் சுமந்து போனாள். மொட்டைமாடியைப் பார்த்தாள், முற்றத்தைப் பார்த்தாள். ஒரு பாய் இல்லை, ஒரு வத்தல் காயவில்லை. மோர்ச்சட்டி வாசம்கூட இல்லை. ஆட்டுக்கல்லில் மட்டும் காய் அரைத்த சக்கை. முன்னால் இரண்டு குடங்கள். சீடன் பஸ்காரர்களுக்குக் கறுத்த சாற்றையும், கார்க்காரர்களுக்குப் பச்சைச் சாற்றையும் ஊற்றிக்கொண்டிருந்தான்.

மாருதி காரில் வந்த கீதா, பி.காம். படித்தவள், சோறு தின்ன மறுக்கும் ஐந்து வயது மகளின் உதட்டில் பச்சைச் சாற்று டம்ளரை வைத்தாள்.

“அம்மணி, நிறுத்துங்க!” பாவாத்தாள் டம்ளரைப் பிடுங்கினாள். “இது சுக்குட்டிக்காய அரைச்சதுங்க. பெரியவங்களுக்கே வகுறு கலக்கிப்போடும். புள்ள தாங்காதுங்க!”

சித்தர் உறுமினார். “யாரு இவ? சூனியம் இருந்தாத்தான் வாந்தி வரும். சுத்தமானவனை ஒண்ணும் பண்ணாது!”

“அப்படிங்களா சாமி? உங்களவிடச் சுத்தமானவங்க யாருங்க? குடிச்சுப்போடுங்க.”

சித்தரின் கை கறுத்த குடத்துக்கு நீண்டது.

“அது பழம் அரைச்சதுங்க. இந்த டம்ளருங்க சாமி.”

கூட்டம் பார்த்தது. பக்தியோடுதான் பார்த்தது, வினையே அதுதான். “குடிங்க சாமி! அந்தம்மா வாயை அடைங்க!”

வேறு வழியில்லை. குடித்தார். பக்தர்கள் சுற்றி உட்கார்ந்து, என்றைக்கும் இல்லாத உரத்த குரலில் பஜனை பாடினார்கள். எட்டாவது பாட்டில் சித்தருக்கு வேர்த்தது. பத்தாவதில் தென்னைமரத்தடிக்கு ஓடி வாந்தி எடுத்தார்.

கீதா மகளைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தாள். சீடன் அதற்கு முன்பே பஸ் பிடித்திருந்தான். மூன்று முறை பூஜை செய்திருந்த பக்தர் நஞ்சுண்டன்தான் கலங்கி நின்றார்.

“சாமிக்கே சூனியம் வெச்சுப்போட்டாங்களே! பவானிப் பக்கம் இதவிடப் பெரிய சாமி ஒருத்தர் இருக்காராமா...”

பாவாத்தாள் கூடையை இடுப்பில் ஏற்றினாள்.

“ஏனுங்க, துளியூண்டு காயி. அதையே மோர்ல ஊறப்போட்டு, நாலு நாள் வெயில்ல காயவெச்சு, பொரிச்சுத்தான் வாயில வெக்கறோம். சாமியாருங்க சொல்றத மட்டும் ஏனுங்க அப்படியே முழுங்கறீங்க?”