பதினாறு லிட்டர் லேப்டாப்

ஊசிக்கரடு பால் உற்பத்தியாளர் சங்கத்தின் நிர்வாகக் குழு, சங்கம் தோன்றிய நாள் முதல் இல்லாத வழக்கமாக, மாடு அல்லாத ஒன்றை வாங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. தீர்மானம் வாசிக்கப்பட்டபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். உண்மையில் தலைவர் ஃபேன் போடத்தான் எழுந்தார். மற்றவர்கள் மரியாதை கருதி எழுந்துவிட்டார்கள்.

சங்க உறுப்பினர்களின் பெண்மக்கள் வீட்டிலிருந்தே சம்பாதிப்பதற்காக, ‘வருமானம் தரும் உயிரினம் அல்லது சாதனம்’ ஒன்றைப் பாதி விலைக்கு வழங்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு ஒன்று இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக எல்லோரும் உயிரினத்தையே வாங்கிப் போனார்கள். ரத்தினசாமியின் மகள் மௌனிகாதான் முதன்முதலாக வந்து சாதனம் வேண்டும் என்று கேட்டாள். அதுவும் லேப்டாப்.

அவள் அவசரம் அவளுக்கு. ஒரு கம்பெனியில் வீட்டிலிருந்தே செய்யும் வேலை கிடைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சொந்த லேப்டாப்போடு திரையில் வந்து உட்காரவேண்டும். உட்காராவிட்டால் வேலை, பட்டியலில் இருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் ஆன்லைனில் பி.காம். சேர்ந்திருந்தாள். இதுவரை பாடமெல்லாம் கீறல் விழுந்த போனில்தான். வாத்தியார் எழுதுவது எறும்பு ஊர்கிற மாதிரி தெரியும். திங்கட்கிழமை தவறினால் வேலையும் போச்சு, படிப்பும் போச்சு. அன்றைக்குப் புதன்கிழமை ஆகியிருந்தது.

செயலாளர் சந்தனம் படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“ஏனுங் சார், இது மாட்டுப் படிவமுங்க.”

“சங்கத்துல இருக்கறதே இந்த ஒரு படிவந்தான் அம்மிணி. மேல ‘மாடு’ன்னு இருக்கறதை அடிச்சுப்போட்டு ‘லேப்டாப்’னு எழுதிக்கலாம். கீழ இருக்கறதையெல்லாம் அப்படியே பூர்த்தி பண்ணோணும். அச்சடிச்சதை மாத்த நமக்கு அதிகாரங் கெடையாது.”

பேனாவைத் திறந்தார். “எத்தனையாவது ஈத்து? எத்தனை கன்னு போட்டிருக்குது?”

“புதுசுங்க சார்.”

“அப்பத் தலையீத்து. பல்லு எத்தனை?”

“பல்லுங்களா?” என்றாள் மௌனிகா. சந்தனமே தன் மேஜைமேல் கிடந்த பழைய கீபோர்டைக் காட்டி, “வரிசையா இருக்குதே, இதுதான்” என்றார்.

“எண்பது இருக்குமுங்க.”

“எண்பது பல்லு!” சந்தனத்தின் புருவம் உயர்ந்தது. “கறவை?”

“ராம் பதினாறு ஜி.பி.ங்க.”

“காலைல எட்டு லிட்டர், பொழுதோட எட்டு லிட்டர். நல்ல உருப்படிதான்” என்று எழுதிக்கொண்டார்.

அவள் எந்த லேப்டாப் வேண்டும் என்று விசாரித்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வந்திருந்தாள். கனமில்லாதது, கரண்ட் போனாலும் எட்டு மணி நேரம் தாங்குவது. சந்தனம் சீட்டைப் படிக்காமலேயே திருப்பிக் கொடுத்தார். உருப்படியைத் தேர்ந்தெடுப்பது கொள்முதல் கமிட்டியின் வேலை. பயனாளி அதில் இருக்கக்கூடாது.

“ஏனுங்க இருக்கக்கூடாது? நாந்தான வேலை செய்யப் போறேன்?”

“அதனாலதான் அம்மிணி. உன்னை விட்டா உனக்கு என்ன வேணுமோ அதைப் பாத்து எடுத்துருவ.”

கமிட்டியில் சந்தனம் இருந்தார். மாடு பார்ப்பதில் பேர்போனவர் என்பதால் மௌனிகாவின் அப்பா ரத்தினசாமி இருந்தார். தொழில்நுட்ப நிபுணராக அவள் பெரியப்பா மகன் பிரதீப் நியமிக்கப்பட்டான். ஊரில் எல்லோருடைய போனுக்கும் ரிங்டோன் மாற்றிக் கொடுப்பவன் அவன்தான். அவனுடைய கருத்து ஒன்றே ஒன்று.

“கீபோர்டுல ஏழு கலர்ல லைட் எரியோணும் பாப்பா. இப்ப அதுதான் ட்ரெண்டு.”

“வேலைக்கு எதுக்குண்ணா லைட்டு?”

“மீட்டிங்ல மூஞ்சி பளபளன்னு தெரியுமில்ல?”

விதி ஒன்பதின்படி உருப்படியைச் சந்தையில், வெயில் ஏறுவதற்கு முன், நேரில் பார்த்து வாங்கவேண்டும். ஆகவே பாலக்காட்டுக் கடையிலிருந்து ரிஜின் என்ற விற்பனையாளன் டை கட்டிக்கொண்டு, இரண்டு லேப்டாப்போடு, சனிக்கிழமை விடிகாலையில் வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்கு வந்து சேர்ந்தான். ஒரு காங்கேயம் காளைக்கும் இரண்டு எருமைக்கும் நடுவில் அவனுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். பயனாளி என்பதால் மௌனிகா, சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்றாள்.

முதல் லேப்டாப் அவள் சீட்டில் எழுதியிருந்த அதே லேப்டாப். பார்த்ததும் அவள் கயிற்றை எட்டிப் பிடித்தாள். ரத்தினசாமி அதன் முதுகைத் தடவினார், புரட்டி அடிவயிற்றைப் பார்த்தார், திருப்தியாகத் தலையை ஆட்டினார். ரிஜின் அதை ஆன் செய்தான். கறுத்த திரையின் நடுவே ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ரத்தினசாமி ஓரடி பின்வாங்கினார்.

“நெத்தியில சுழி! அதும் நிக்காம சுத்துற சுழி. ஊட்டுக்கு ஆகாது கண்ணு.”

“அது எல்லா லேப்டாப்லயும் வரும் சார்” என்றான் ரிஜின்.

“அப்ப எல்லாமே ஆகாது.”

“அப்பா, அதுதானுங்கப்பா எனக்கு வேணும்” என்று கயிற்றுக்கு வெளியிலிருந்து மௌனிகா கத்தினாள்.

“பயனாளி பேசப்படாது” என்றார் சந்தனம்.

இரண்டாவதை ரிஜின் முன்கூட்டியே ஆன் செய்து வைத்திருந்ததால் அதன் நெற்றி சுத்தமாக இருந்தது. கன்றுக்குட்டிக் கனம். கீபோர்டில் ஏழு வண்ண விளக்கும் எரிந்தது. பிரதீப் சொக்கிப்போய்க் கண்ணை மூடித் திறந்தான். கமிட்டி கூடி, இதுதான் என்று முடிவு செய்து கலைந்தது.

ரத்தினசாமி துண்டைத் தோளிலிருந்து எடுத்து ரிஜினின் கையை மூடினார். சந்தையில் விலையை வாயால் பேசுவது கேவலம். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். ரிஜினுக்கு இது தெரியாது. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்தியபடி கண்ணுக்குள் பார்ப்பது எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. அவர் அழுத்த அழுத்த அவன், “ஓகே சார், ஓகே சார், விடுங்க சார்” என்றான். இத்தனை சுலபமாகப் படிந்த வியாபாரத்தை ரத்தினசாமி வாழ்நாளில் பார்த்ததில்லை.

இனி ஆரோக்கியச் சான்று. மலையாளத்துக்காரரான கால்நடை மருத்துவர் ஜிஷா சங்கத்துக்கு வந்து, மேஜைமேல் இருந்ததைப் பார்த்தார்.

“எந்தா சந்தனம் சேட்டா இது?”

“லேப்டாப்புங்க டாக்டர்.”

“அது தெரியுது. நான் கால்நடை டாக்டர். இது நடக்கவே நடக்காதே.”

“நடக்காட்டி நொண்டின்னு எழுதுங்க. ஆனா எழுதிக் குடுங்க.”

ஜிஷா பேனாவை மூடிவிட்டு எழுந்தார். வாசலில் நின்றிருந்த மௌனிகாவின் முகத்தைப் பார்த்தார். அழுகையை அடக்கிக்கொண்டிருக்கும் முகம். மறுபடி உட்கார்ந்து, ‘காய்ச்சல் இல்லை, மூக்கில் சளி இல்லை, சினை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் போனார்.

அடுத்து இன்சூரன்ஸ். அதற்குக் காதில் துளை போட்டு மஞ்சள் வில்லை மாட்டவேண்டும். வில்லை இல்லாமல் இன்சூரன்ஸ் இல்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் உருப்படியை ஒப்படைக்க முடியாது. சந்தனம் துளை போடும் இடுக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, திரையின் வலது மூலையா இடது மூலையா என்று யோசித்தார்.

மௌனிகா மேஜையருகே ஓடி வந்தாள். பிறகு அவளுக்கே தெரியாத ஒரு குரல் அவளிடமிருந்து வந்தது.

“சார், சத்தம் சம்பந்தப்பட்டதுதானுங்க காது. ஹெட்போன் சொருகற ஓட்டை இருக்குது பாருங்க, அதுதான் இதுக்குக் காது. துளை இருக்கோணும்னுதான் விதி. நாமதான் போடோணும்னு விதியில இல்லீங்களே?”

சந்தனம் விதியை எடுத்து இரண்டு தடவை படித்தார். இடுக்கியைக் கீழே வைத்தார்.

“அம்மிணி, நீ பெரிய ஆபீசுல இருக்கவேண்டியவ.”

வில்லையை ஹெட்போன் துளையில் பசை போட்டு ஒட்டினார்கள். விதிப்படி உரிமையாளர் கயிற்றைப் பிடித்து நிற்கும் புகைப்படமும் எடுத்தார்கள். மௌனிகா சார்ஜர் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை சாயந்திரம் லேப்டாப் ஊர்வலமாக வீடு வந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவள் திரையில் இருந்தாள். முகத்தில் ஏழு வண்ணமும் மாறி மாறி அடித்தது. மேலாளர் ஒருவர் வேலையை விளக்கினார். பல ஊர்களிலிருந்து அரசுத் திட்டங்களுக்கு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை அது. ஒரு நாளைக்கு அறுபது முடிக்கவேண்டும். முடிக்காதவர்கள் ஒரு மாதத்தில் வீட்டிலிருந்தே வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள்.

முதல் விண்ணப்பம் ஒரு பெண்ணின் படத்தோடு திறந்தது. எப்சிபா, தகப்பன் பெயர் சுவக்கீன், கம்பம்மெட்டுப் பக்கத்து ஏலத்தோட்டம். லேப்டாப் வேண்டும். அடியில் தனியாக ஒரு வரி: ‘வரும் வாரம் வேலையில் சேர வேண்டும், தயவு செய்யவும்.’ மௌனிகா அந்த வரியை மறுபடி படித்தாள். எல்லாத் தாளும் சரியாக இருந்தன. கையெழுத்தின் வால் மட்டும் கட்டத்துக்கு வெளியே நூலளவு வந்திருந்தது. விதிப்படி அது பிழை.

அம்மா பொன்னாத்தாள் டீயோடு வந்து திரையை எட்டிப் பார்த்தாள். “யாரு கண்ணு இந்தப் புள்ள? உன்னாட்டமே இருக்குது. என்ன கேக்குது?”

“லேப்டாப் கேக்குதும்மா.”

“பாவம். குடுத்துரு.”

“குடுக்கோணும்னா அஞ்சு பக்கம் காரணம் எழுதோணும். அரை மணி நேரம் ஆயிரும்.”

“திருப்பி அனுப்பறதுக்கு?”

“ஒரு பட்டனைத் தட்டினாப் போதும்.”

பொன்னாத்தாள் அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். நல்ல மனசுக்காரி, உச்சுக் கொட்டினாள்.

“செரி, டீ ஆறிப்போகுது. தட்டிப்போட்டுக் குடி.”

மௌனிகா தட்டினாள். டீ நல்ல சூடாக இருந்தது.