டிரம்ஸ் தனிக்கு நடுவே காபி கேட்டவன்

கல்யாணத்துக்கு முன்னால் ஆண்கள் சொல்லும் பொய்களில் பாதி, ரசனை சம்பந்தப்பட்டவை. நான் ரோஸ்லினிடம் சொன்னது: "ஜாஸ் மியூசிக்னா எனக்கு உயிர்." (அதுவரை நான் கேட்ட ஜாஸ் எல்லாம் தொம்மலூர் ஆபீஸ் லிஃப்டில் ஓடியதுதான். அதுவும் நாலாவது மாடி வரைக்கும்.)

ரோஸ்லினின் அப்பா அந்தோணி அங்கிள், கன்னட ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஜீவனஹள்ளிக்காரர். இளவயதில் ஒரு கிளப்பில் ஜாஸ் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தவர். கிளப் எப்போதோ மூடிவிட்டது. வாசித்ததற்கு ஒரு போட்டோகூடக் கிடையாது, அவர் சொல்வதுதான் ஆதாரம். திடீரென்று, குழுவில் டிரம்பெட் ஊதியவர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய கச்சேரி டேப் கிடைத்தது. அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி அங்கிளுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"ஞாயிறு பூசை முடிஞ்சு எல்லாரும் முதல் தடவையா கேக்கப் போறோம். நீயும் வா. அப்பாவுக்கு உன்னைப் பிடிச்சுட்டா மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள் ரோஸ்லின். மதம் வேறு, ஊர் வேறு. என் கையில் இருந்த ஒரே சிபாரிசு அந்த ஜாஸ் பொய்தான்.

பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. போய் உட்கார்ந்ததும் அவிழ்த்துவிட்டேன். "ஸ்டுடியோல சுத்தம் இருக்கும், உயிர் இருக்காது அங்கிள். பழைய லைவ் டேப்ல கிளாஸ் சத்தம், இருமல் எல்லாம் அப்படியே விழுந்திருக்கும். அன்னைக்கு நிஜமா என்ன நடந்ததுன்னு அதுதான் சொல்லும்."

அங்கிளுக்கு முகமெல்லாம் பல். "கரெக்ட் தம்பி! அன்னைக்கு நான் தனியா வாசிச்சப்போ ஹால்ல ஒரு சேர் அசையல. ஆன்ட்டியைக் கேளு, முன் வரிசைல இருந்தா."

ஆன்ட்டி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

டேப் ஓடியது. நிஜமாகவே நன்றாக இருந்தது! யாரோ "வாரே வா" என்றார்கள், ஒரு பாட்டில் உருண்டது, டிரம்பெட் எதையும் கண்டுகொள்ளாமல் ஏறிக்கொண்டே போனது. நடிக்க வந்த நான் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டேன். அதுதான் வினை. மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்று, டிரம்ஸ் மட்டும் தனியாகக் கிளம்பியது.

இங்கே என் வளர்ப்பைச் சொல்லியாக வேண்டும். நான் சென்னை சபாக்களில் அப்பாவோடு கச்சேரி கேட்டு வளர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் தனி ஆவர்த்தனம் என்றால் கேன்டீனுக்குப் போகும் நேரம். மிருதங்கம் தனியாகத் தொடங்கினால் அப்பா வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். அன்றைக்கு என் காதுதான் ஜாஸ் கேட்டது, காலுக்கு அது சபா.

எழுந்தேன். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. "ஆன்ட்டி, காபி கிடைக்குமா?" என்றேன். சத்தியமாக நான்தான்.

ரோஸ்லின் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கூத்கோ!" என்றார் அங்கிள். தமிழ் வீட்டில் உட்காரச் சொல்லக் கன்னடம் வருகிறது என்றால் கோபத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அப்போது ஸ்பீக்கரிலும் ஒரு கிறீச். இன்னொன்று. அப்புறம் வரிசையாக நாற்காலிகள் நகர்ந்தன. டிரம்ஸுக்கு நடுவே ஒரு குரல் தெளிவாகக் கேட்டது: "வா மச்சா, பாருக்குப் போலாம். இவன் இப்போ முடிக்க மாட்டான்."

ஆன்ட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "நானே கட்லெட் வாங்கத்தாங்க போனேன். இத்தனை வருஷம் சொல்ல மனசு வரல."

அங்கிளைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் ஸ்பீக்கரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அத்தனை பேரும் திருட்டுத்தனமா எழுந்து போயிருக்கானுங்க. இவன் ஒருத்தன்தான் வாய்விட்டுக் கேட்டுட்டுப் போறான். ரோஸி, பையன் நேர்மையானவன்!"

நேர்மைக்காகவே பெண் கொடுத்தார். லிஃப்ட் விஷயத்தை இன்றுவரை நான் சொல்லவில்லை.

இப்போது கிறிஸ்துமஸுக்குக் குடும்பம் கூடினால் மாமா டிரம்ஸ் முன்னால் உட்காருவார். குச்சியை என் பக்கம் நீட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுப்பார்: "மாப்ளை, தனி ஆரம்பிக்கப் போறேன். டிகாக்‌ஷன் இறங்கிடுச்சா?"