யாரது என்று கேட்டவனும் பாஸ்வேர்டு கொடுத்தவனும்

பெற்ற தாய் வீடியோ காலில் வந்தாலும் "யாரது?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறவன் வளைகுடா முழுவதிலும் ஒருவன்தான். எங்கள் ஆபீஸ் அவனுக்கு வைத்த பெயரும் 'யாரது' தான். அவன் வேலை போனதற்குக் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் சொல்லாமலே விட்டுவிடுகிற ஆள் நான்.

துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்கு கம்பெனிக்கு நான் நிர்வாக மேலாளர். கம்பெனி விடுதியான கேம்ப்பில் இருக்கும் தொழிலாளர்கள் லீவு கேட்க ஒரு வெப்சைட் வேண்டும் என்றார் முதலாளி. அதைக் கட்ட வந்தவன்தான் இந்த 'யாரது', திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். முதல் வாரம் அவன் அறைக்குள் போனேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "யாரது?" என்றான். சொன்னேன். டீ குடித்துவிட்டு மறுபடி போனேன். மறுபடியும் "யாரது?"

"இப்பத்தானேப்பா வந்துட்டுப் போனேன்?"

"அது அப்ப சார். அந்த செஷன் முடிஞ்சு போச்சுல்லா. இப்ப வந்திருக்கது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதிர்ந்து போனேன். நான் இரண்டு எம்.ஏ. படித்தவன், தலை நரைத்தவன். என் ஆபீஸிலேயே நான் யாரென்று நிரூபிக்கச் சொல்கிறான்.

ஷார்ஜா ரோலாவில் அவன் தங்கியிருந்த ரூமில் நிலைமை இன்னும் மோசம். குப்பை போடக் கீழே போன ரூம்காரரை வெளியே நிறுத்தி, நேற்று ராத்திரி என்ன குழம்பு என்று கேட்டிருக்கிறான். மனிதருக்கு உண்மையிலேயே மறந்துவிட்டது.

"அடப்பாவி, உள்ள விடலையா?" என்றேன்.

"பாஸ்வேர்டு மறந்தா அதுக்கும் வழி இருக்கு சார். சமைச்சவருக்கு போன் போட்டுக் கேட்டாரு. பொறவு விட்டுட்டேன்."

இத்தனை பிடிவாதம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"சார், வெப்சைட் கட்டுத ஃபிரேம்வொர்க்லயே கதவு, பூட்டு எல்லாம் ரெடிமேடா வருது. காவலுக்கு கார்டுன்னு ஒண்ணு. நம்ம கேம்ப் கேட்ல நிக்க வாட்ச்மேன்னு வச்சுக்கிடுங்க. அவனுக்கு ஒருத்தரையும் தெரியாது. புரொவைடர்னு ஒருத்தன் உள்ள எல்லார் பேரையும் வச்சிருப்பான். வாட்ச்மேன் அவன்ட்ட கேட்டு, பாஸ்வேர்டு பொருந்துச்சுன்னா பேட்ஜ் குடுப்பான். அதான் செஷன். பொறவு கதவுக்குக் கதவு மிடில்வேர்னு ஒருத்தன் நின்னு அந்த பேட்ஜைப் பாப்பான்."

"மூஞ்சியை யாருமே பாக்க மாட்டாங்களா?"

"அதுகளுக்குக் கண்ணு ஏது சார்? உங்க பாஸ்வேர்டை எவன் சொன்னாலும் அவன்தான் நீங்க."

அறிவாளி மாதிரித் தலையாட்டினேன். அன்று மாலையே என் பாஸ்வேர்டை கேம்ப் பாஸுக்குச் சொல்லிவிட்டேன். கேம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் வடநாட்டுக்காரர் அவர். ஒவ்வொரு லீவாகத் திறந்து ஒப்புதல் கொடுப்பது எனக்கு அலுப்பாக இருந்தது. "டென்ஷன் மத் லோ சாப்", கவலையை விடுங்கள் என்று இந்தியில் சொல்லிச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

ஈத் நெருங்கிய ஒரு காலை, ஆபீஸ் வாசலில் கூட்டம். ஒப்புதல் வாங்கி, டிக்கெட்டும் எடுத்துவிட்டவர்கள். அத்தனை லீவும் ரத்தாகியிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் என் பெயர். வேலைக்கு ஆள் போதாது என்று கேம்ப் பாஸ் ஒரே மூச்சில் ரத்து செய்திருக்கிறார். தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பவிருந்த ஒருவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "பாஸ்வேர்டை யாருக்காவது குடுத்தீங்களா?"

"இல்லை சார். வெப்சைட்ல ஏதோ கோளாறு" என்றேன். பொய் அவ்வளவு சரளமாக வந்ததில் எனக்கே அதிர்ச்சி.

'யாரது' என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதலாளியிடம் சொன்னான். "கோளாறு இல்ல சார். சாரோட பாஸ்வேர்டுலதான் உள்ள வந்திருக்கு. அதுக்கு மேல வெப்சைட்டுக்குத் தெரியாது."

முதலாளி என் நரையை நம்பினார். "கலாஸ்" என்றார், அவனோடு முடிந்தது என்கிற மாதிரி. தொழிலாளர்களுக்கு லீவை அன்றே திருப்பிக் கொடுத்தோம். அவனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பினோம்.

அதன்பின் ஆபீஸில் நான் எந்த அறைக்குள் நுழைந்தாலும் எழுந்து நின்றார்கள். யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். என்னை ஓய்வு என்ற பெயரில் அனுப்பிவிட்டு, அவனைத் திரும்பக் கூப்பிட்டார். அதற்குள் அவன் குவைத்தில், ஃபஹாஹீலில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். வர மறுத்துவிட்டான்.

ஷார்ஜாவில் மகன் வீட்டிலிருந்து அவனுக்கு போன் போட்டேன்.

"யாரது?"

பெயரைச் சொன்னேன். பாஸ்வேர்டைக் கொடுத்ததும் நான்தான், பொய் சொன்னதும் நான்தான், மன்னிச்சிடுப்பா என்றேன்.

"நீங்க அவர் இல்ல" என்றான். "அவரு தப்பை ஒத்துக்கிடுத ஆளே கிடையாது. என் நம்பரை யாரு குடுத்தா உங்களுக்கு?" வைத்துவிட்டான்.

வாழ்நாளில் என்னை இவ்வளவு சரியாக அடையாளம் கண்டவர் வேறு எவருமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிட்டேன்.

"யாரது?"

"பாஸ்வேர்டைக் கொடுத்தவன்."

"சரி, உள்ள வாங்க சார்" என்றான். சாப்பிட்டீங்களா என்று கேட்டான்.

இப்போதும் ஒவ்வொரு வெள்ளியும் கூப்பிடுகிறேன். அவன் கேட்கிறான், நான் அதையே சொல்கிறேன். என்றாவது ஒருநாள் கேட்காமலே பேசத் தொடங்கிவிடுவானோ என்பதுதான் எனக்கு இப்போதுள்ள ஒரே பயம்.