உப்புப் படாத கார்

மார்கழி முதலாம் திகதியிலிருந்து சித்திரை வரைக்கும் என்ரை கார் றோட்டிலை இறங்காது! தொண்ணூற்றாறாம் ஆண்டு, ரொறன்ரோ வோபர்னிலை எங்கடை வீட்டுக் கராச்சுக்குள்ளை நிண்டு நான் எடுத்த சபதம் இது. சாட்சிக்கு மனிசி வேரோனிக்கா நிண்டவ. கையிலை அகப்பையோடை.

சும்மா காரில்லை அது. ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. ரண்டே ரண்டு சீற். எட்டு வருசம் ஓவர்ரைம் செய்து வாங்கினது. ஆனால் இந்த ரொறன்ரோவிலை நாலு பூச் சினோ, அதுதான் வெண்பனி, விழுந்தால் காணும், லொறி லொறியா உப்பைக் கொண்டுவந்து றோட்டிலை கொட்டுவாங்கள். என்ரை மனிசி கறிக்குப் போடுற மாதிரித்தான், அளவு கிடையாது. அந்த உப்புத் தண்ணி காருக்கு அடியிலை ஏறினால் முடிஞ்சுது அலுவல். கறள் பிடிச்சு, இரும்பு அப்பளமா உதிரும்.

அதாலை நான் வேலைக்குப் பஸ்ஸிலை போறன். பின்னேரம் வந்து கராச்சுக்குள்ளை காரிலை சும்மா குந்தியிருப்பன். அதுக்கும் ஒரு சட்டம். பூட்ஸிலை ஒட்டின உப்பும் காருக்குள்ளை வரக்கூடாது. வீட்டுக்குள்ளை ஏறுற மாதிரி, வாசலிலை கழட்டிப்போட்டு, சொக்ஸோடைதான் ஏறவேணும்.

"உங்களுக்கு விசர் முத்திப்போச்சு," எண்டா வேரோனிக்கா.

தை மாதம் ஒரு ஞாயிறு. ஒஷாவாவிலை அவவின்ரை தங்கச்சி அன்ரனெற்றின்ரை பிள்ளைக்கு ஞானஸ்நானம். வேரோனிக்காதான் ஞானத்தாய். மட்டன் றோல்ஸும் அவவின்ரை பொறுப்பு.

"இஞ்சேருங்கோ, காரிலை போவம்."

"உப்பு!"

"ஒருநாள்தானே?"

"கறள் என்ன, நாள் நட்சத்திரம் பாத்தே பிடிக்கிறது? நீர் பஸ்ஸிலை போம். நான் வீட்டிலை நிக்கிறன்."

"சரி."

பன்ரண்டு வருசக் கலியாணத்திலை என்ரை மனிசி ஒரே தரத்திலை 'சரி' எண்டு சொன்னதில்லை. நான் அங்கையே உசாராகியிருக்க வேணும். எங்கை! எனக்கு வெண்ட புளுகம், சந்தோசத்திலை தலைகால் தெரியேல்லை.

"பஸ் ஸ்ரொப் மட்டும் எண்டாலும் கொண்டுபோய் விடுங்கோ. றோல்ஸ் பெட்டி பாரம்."

எட்டிப் பாத்தன். எங்கடை றோட்டு காய்ஞ்சு கிடந்துது. ஐஞ்சு நிமிசத் தூரம். மனமிரங்கி, சொக்ஸோடை ஏறி, காரை வெளியிலை எடுத்து எஞ்சினைச் சூடாக்கினன். அவ பெட்டியை டிக்கியிலை வைச்சு, கராச்சைப் பூட்டி, தன்ரை பூட்ஸைக் கழட்டி ஒரு பையிலை போட்டுக்கொண்டு, பயபக்தியா வந்து ஏறினா.

பஸ் ஸ்ரொப்பிலை, கரையிலை ஒதுக்கிவிட்ட உப்புச் சேறு கணுக்கால் அளவு.

"இறங்கிப் பெட்டியைப் பஸ்ஸிலை ஏத்தி விடுங்கோ."

பூட்ஸைத் தேடினன். காலடியிலை இல்லை. பின்சீற்றிலை பாப்பமெண்டால் பின்சீற்றே இல்லை.

"ஐயோ, கராச் வாசலிலை விட்டிட்டு வந்திட்டன்!"

"மைனஸ் ஒன்பது. சொக்ஸோடை இறங்கப் போறியளோ?"

"கால் விறைச்சுச் செத்துப்போவன். திரும்பிப் போய் எடுப்பம்."

"அந்தா பஸ் வருது. அடுத்தது ரண்டு மணித்தியாலம் கழிச்சு. ஞானத்தாய் இல்லாமல் பிள்ளைக்கு ஞானஸ்நானமோ?"

"அப்ப நீரே தூக்கும்."

"என்ரை நாரி எலும்பு முறியட்டும் எண்டு சொல்லுங்கோ."

பஸ் வந்துது. பஸ் போச்சுது. வேரோனிக்கா என்ரை முகத்தை மட்டும் பாத்தா. நான் ஒஷாவாப் பக்கம் திருப்பினன்.

அங்காலை விடியவே சினோ கொட்டியிருக்கு. 401 ஹைவேயிலை எனக்கு முன்னாலை ஒரு உப்பு லொறி, விசிறிக்கொண்டு போகுது. முந்தவும் ஏலாது, பிந்தவும் ஏலாது. பக்கத்திலை போற ட்ரக்குகள் ஒவ்வொண்டும் ஒரு வாளி தண்ணி. சிவப்புக் கார் பிக்கரிங் தாண்டேக்கை வெள்ளைக் கார். எனக்கு அழுகை வந்திட்டுது. பொய்யில்லை, அழுதன்.

"அழாதேங்கோ," எண்டா அவ. "கண்ணீரும் உப்புத்தான். சீற்றிலை சிந்தப்போகுது."

ஒஷாவாக் கோயில் வாசலுக்கு அன்ரனெற்றின்ரை மனிசன் எட்வேட் ஓடிவந்தான்.

"அண்ணை! இந்தச் சினோவுக்கை இந்தக் காரிலையோ? இறங்குங்கோ, இறங்குங்கோ!"

"இல்லைத் தம்பி, நான் இதுக்குள்ளையிருந்தே பூசை காணுறன்," எண்டு காலை மடக்கி ஒளிச்சன்.

வேரோனிக்கா பையைத் திறந்தா. தன்ரை பூட்ஸை எடுத்தா. பிறகு இன்னொரு சோடி எடுத்து என்ரை மடியிலை வைச்சா. என்ரை பூட்ஸ். உப்புப் போகத் துடைச்சும் இருந்துது.

"இதை எப்பயப்பா எடுத்தனீர்?"

"கராச் பூட்டேக்கை. நீங்கள் விட்டிட்டு ஏறினதைக் கண்டனான்."

"அங்கை பஸ் ஸ்ரொப்பிலை நான் தேடேக்கை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் நீங்கள் இறங்கியிருப்பியள். நான் பஸ்ஸிலை வந்திருப்பன்."